இரண்டாவது க்ளிக்

டிசம்பரில் கயானி நகரத்தில்
சூரியன் எழப் பத்து மணி ஆகிவிடும்.
அதுவரை நானும் ஊமைதான்.

பிறவியிலேயே காது கேளாதவளை
ஊமை என்றால்
எங்கள் சங்கத்தில் அடிக்க வருவார்கள்.
நானே சொல்லிக்கொள்கிறேன்.
என் பேச்சு கையில் இருக்கிறது.
ஒரு கைக்குப் பதினான்கு விரல் மூட்டு;
விடியும்போது அத்தனையிலும்
இரவோடிரவாக இறுகிய சிமெண்ட்.

ரைமோ காபி ஊற்றியபடி
ஒற்றைக் கையால் கேட்கிறான்:
தூங்கினாயா?
நான் சொல்லப்போவது
மூன்று சோடிக் கையுறை போட்டவள்
பேசுவதுபோல் வருகிறது.
கண்ணைச் சுருக்கி
மறுபடி சொல் என்கிறான்.
மறுபடி சொல்ல
ப்ரெட்னிசோலோன் இறங்கவேண்டும்.
ரொட்டியோடு விழுங்குகிறேன்.
காத்திருக்கிறோம்,
பேருந்து நிறுத்தத்தில்
முன்பின் தெரியாத இருவர் மாதிரி.

மத்தியானமே குடித்திருக்கிறாயா
என்று கேட்டாள் ஹெல்வி.
என் சொற்கள் குழறுகின்றனவாம்.
குடியை விட்டு ஆறு வருடம், ஹெல்வி.
செவ்வாய்க்கிழமை மாத்திரைக்கும்
என் கல்லீரலுக்கும் இடையே
மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.
வாரத்தில் ஒரே ஒரு நாள்,
மறந்துபோய்த் தினமும் போட்டால் விஷம்
என்று டப்பாமேல் சிவப்பு எழுத்து.
மஞ்சளாய், பருப்பைவிடச் சிறிதாய் இருக்கிறது
புதன்கிழமை முழுவதையும் குமட்ட வைப்பது.
அடுத்து ஃபோலிக் ஆசிட்.
சீப்பில் கொஞ்சம் முடி.
சனிக்கிழமை வாக்கில்
கொஞ்சம் நான்.

வலி எவ்வளவு,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?
டாக்டர் நியமெலாவின் உதடு அசைய
மொழிபெயர்ப்பாளரின் கை அசைந்தது.
(என்ன விரல்கள் அவளுக்கு!
பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.)
ஏழு என்று காட்டப்போனேன்.
ஏழுக்கு மூன்று விரல் மடங்கவேண்டும்.
ஒன்று மடங்கவில்லை.
எட்டு என்று எழுதிக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.
மடங்காத விரலுக்கும்
ஓர் அபிப்பிராயம் இருக்கும்தானே.

அந்த எட்டுதான் ஊசியை வாங்கித் தந்தது.
இரண்டு வாரத்துக்கு ஒன்று,
பேனா மாதிரி,
குளிர்பெட்டியில் ஊறுகாய் மீனுக்குப் பக்கத்தில்.
கையேடு சொல்கிறது:
தொடையில் வைத்து அழுத்தவும்.
க்ளிக் என்று கேட்டதும் மருந்து இறங்கத் தொடங்கும்.
இரண்டாவது க்ளிக் கேட்கும்வரை
எடுக்கவேண்டாம்.

இந்த வரியை ரைமோவிடம் காட்டினேன்.
அவனும் செவிடன்.
நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
கீழ்வீட்டுக்காரர் சுவரைத் தட்டியிருக்கலாம்.
எங்களுக்கு எப்படித் தெரியும்?

பேனாவில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு.
அது மஞ்சளாகும்வரை பார்க்கவேண்டும்.
ரைமோ மண்டியிட்டு,
உறைந்த ஏரியில் துளை போட்டு
மீனுக்குக் காத்திருப்பவன்போலப் பார்த்தான்.
பிறகு என் முழங்காலில்
ஒரு தட்டு.
இன்னொரு தட்டு.

நான்கு ஊசி ஆகிவிட்டது.
அற்புதம் ஒன்றும் இல்லை.
பிப்ரவரிச் சூரியன் எட்டுக்கெல்லாம் வந்துவிடுகிறான்,
நான் இன்னும் ஒன்பதே முக்கால்.

முன்பெல்லாம் விளக்கை அணைத்தபின்
ஒருவர் உள்ளங்கைக்குள் மற்றவர் பேசுவோம்.
இருட்டில் எங்களுக்கு வேறு வாய் கிடையாது.
கையைப் பிடித்தால் நோகும் என்று
அவன் இப்போது என் முதுகில் எழுதுகிறான்,
எழுத்தெழுத்தாக.
நான் பதில் சொல்வதில்லை.
விடியட்டும் என்று விட்டுவிடுவேன்;
விடிந்தால் மறந்திருக்கும்.

நேற்று சண்டை.
குளிர்கால டயர் வாங்க வைத்திருந்த பணம்.
முதுகில் அவன் எழுதியதை
இங்கே எழுதமுடியாது.
எழுந்தேன், விளக்கைப் போட்டேன்,
இரண்டு கையாலும் திருப்பித் திட்டினேன்,
அவன் அம்மாவரைக்கும்,
தடங்கலில்லாத முழு வாக்கியத்தில்.

மறுபடி சொல் என்றான்.

புரியாமல் கேட்கவில்லை.